குவாலிட்டி எல்லாரோட வேலையா மாற என்ன பண்ணணும்?

கேள்வி: எங்க யூனிட்ல 60 பேர் வேலை பாக்குறோம். சுவரெல்லாம் போஸ்டர் ஒட்டியாச்சு, உறுதிமொழி எடுத்தாச்சு, தர மேலாண்மைக்கான ஐஎஸ்ஓ 9001 சர்டிஃபிகேட்டும் வாங்கியாச்சு. ஆனாலும் தப்பு வந்தா "அதப் பாக்கத்தான க்யூசி (தரம் செக் பண்ற டீம்) இருக்காங்க"ன்னு புரொடக்‌ஷன்ல கேக்குறாங்க. எல்லாருக்கும் அந்த அக்கறை வர வழி என்ன?

பதில்: மொதல்ல நீங்க ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. கடைசியா உங்க லைன்ல ஒருத்தர் "சார் இந்த லாட் சரியில்ல"ன்னு வந்து சொன்னப்போ, அதுவும் டிஸ்பாட்ச் அன்னைக்கு சாயந்திரம் வந்து சொன்னப்போ, அவருக்கு என்ன நடந்துச்சு? "இப்ப போய் இத சொல்றியே"ன்னு சூப்பர்வைசர் ஒரு முறை முறைச்சிருந்தா போதும், பாத்துட்டு நின்ன மத்த எல்லாரும் இங்க எது முக்கியம்னு கத்துக்கிட்டாங்க, அதுக்கப்புறம் எத்தனை போஸ்டர் ஒட்டினாலும் அது மாறாது.

தர மேலாண்மை நிபுணர் டெமிங், நிர்வாகத்துக்குன்னு சொன்ன 14 அம்சத்துல இது எல்லாமே இருக்கு. கடைசியில இன்ஸ்பெக்‌ஷன் பண்ணி தரத்தைக் கொண்டு வந்துடலாம்னு நம்பாதீங்க, பயத்தை விரட்டுங்க, சுலோகன எடுத்துடுங்கன்னு தனித்தனியாவே சொல்லியிருக்கார். என்னைக் கேட்டா பயம்தான் மொதல்ல போகணும்.

டொயோட்டா குடும்பத்துல சாகிச்சி டொயோடா 1924-ல கொண்டு வந்த தறி, நூல் அறுந்தா தானா நின்னுடும். அதே யோசனைதான் பின்னாடி கார் ஃபேக்டரில 'ஆண்டான்'ங்கிற எச்சரிக்கைக் கயிறா வந்துச்சு, கோளாறு தெரிஞ்சா எந்தத் தொழிலாளியும் இழுக்கலாம், டீம் லீடர் உடனே ஓடி வருவார், கார் அந்த வேலை இடத்தைத் தாண்டுறதுக்குள்ள சரி பண்ண முடியலன்னா லைன் நிக்கும். கலிஃபோர்னியால ஃப்ரீமான்ட்ல ஜெனரல் மோட்டார்ஸ் 1982-ல மூடின பிளான்ட்டை 1984-ல டொயோட்டாவோட சேர்ந்து திரும்பத் திறந்தாங்க. மோசமான தரத்துக்குப் பேர் போன இடம் அது. திரும்ப வேலைக்கு வந்தவங்கள்ல பெரும்பாலும் அதே பழைய ஆளுங்கதான், ஆனா கொஞ்ச காலத்துலயே ஜெனரல் மோட்டார்ஸோட நல்ல பிளான்ட்கள்ல ஒண்ணா ஆயிடுச்சு. அதனால "எங்க ஆளுங்களுக்கு அக்கறை இல்ல"ன்னு யாராவது சொன்னா நான் ஒத்துக்கவே மாட்டேன்.

உங்க இடத்துல ஒரே ஒரு லைன்ல ஆரம்பிங்க. சந்தேகம் வந்தா யார் வேணா நிறுத்தலாம்னு எழுதிப் போடுங்க, நிறுத்தினா யார் வரணும்னு பேரோட போடுங்க, வர்றவர் மொதல்ல "நல்லவேளை சொன்னீங்க"ன்னு சொல்லணும், அப்புறம்தான் ஏன் எப்படின்னு கேக்கணும். இதுல சறுக்கப் போறது ஆபரேட்டர் இல்ல, சூப்பர்வைசர்தான். அவரையும் குத்தம் சொல்ல முடியாது, சாயந்திரம் அவர்கிட்ட "இன்னைக்கு எத்தனை பீஸ்"னு மட்டும்தான கேக்குறீங்க? ரீவொர்க் இல்லாம மொத தடவையே சரியா வந்தது எத்தனைன்னு கேக்க ஆரம்பிங்க, அவர் பார்வையே மாறிடும்.

அப்புறம் நல்ல பீஸ் ஒண்ணு, தள்ளுபடி ஆன பீஸ் ஒண்ணு மெஷின் பக்கத்துலயே வைங்க, பாதி சண்டை "இது ஓகேவா இல்லையா"ங்கிறதுலதான் வருது. கஸ்டமர் கம்ப்ளைன்ட் போட்டோ ஆபீஸ் மெயில்லயே முடங்கக் கூடாது, செஞ்சவங்க கண்ணுல படணும், திட்டுறதுக்கு இல்ல, காரணம் கண்டுபிடிக்க. பர்ச்சேஸ், சேல்ஸ் ரெண்டு பேரையும் அந்தப் பேச்சுல உக்கார வைங்க, மட்டமான மெட்டீரியலும் முடியாத தேதியும் அங்கிருந்துதான வருது. ரிஜெக்‌ஷன் ஜீரோன்னா போனஸ்னு மட்டும் தயவுசெஞ்சு வைக்காதீங்க, தப்பு குறையாது, ஒளிச்சு வைப்பாங்க.

இன்னொண்ணு, மொத மாசம் பதிவாகிற தப்பு எண்ணிக்கை ஏறும், இத்தனை நாள் மறைஞ்சு கிடந்தது வெளிய வருது அவ்வளவுதான். இத உங்க எம்டிகிட்ட இப்பவே சொல்லி வெச்சிடுங்க, இல்லன்னா ரெண்டாவது வாரமே "ஏன் ரிஜெக்‌ஷன் ஏறுது"ன்னு மீட்டிங் போட்டு எல்லாத்தையும் நிறுத்திடுவார்.