அந்த மாத்திரைக்கும் மூத்திரத்துக்கும் என்ன சம்பந்தம்?

தேவகோட்டையிலிருந்து ஓர் ஆச்சி கேட்டிருக்கிறார். கணவருக்கு 68 வயது, பிராஸ்டேட் வீக்கம். பட்டாலையில் படுப்பவர் ராத்திரி நாலைந்து தடவை எழுந்து, வளவைத் தாண்டிக் கொல்லைக்கு நடக்கிறார். டாக்டர் தடாலஃபில் 5 மில்லிகிராம் தினம் ஒன்று எழுதினார். ஆண்களின் விறைப்புக் குறைவுக்கும் கொடுக்கிற மாத்திரை அது. சீட்டைப் பார்த்து மருந்துக்கடைப் பையன் சிரித்தானாம். “அந்த மாதிரி மாத்திரையாமே? தசையைத் தளர்த்தும் என்கிறார்கள், மூத்திரப்பையும் தளர்ந்து ஒன்னுக்கு அடைத்துக்கொண்டால்?”

ஆச்சி, டாக்டர் எழுதியது சரிதான். பிராஸ்டேட் வீக்கத்தால் வரும் சிறுநீர்த் தொல்லைக்கு இதே அளவை அமெரிக்காவில் 2011-லேயே அனுமதித்துவிட்டார்கள். சீட்டு எழுதும்போதே இதைச் சொல்லியிருக்கலாம். அடுத்த டோக்கனைக் கூப்பிடும் அவசரத்தில் யார் சொல்கிறார்கள்!

சிறுநீர்ப்பையின் வாயிலும் பிராஸ்டேட்டிலும் உள்ள தசையை இளகச் சொல்வதில் நரம்புக்குப் பங்கு உண்டு. நரம்பு நுனியிலிருந்து நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு கசியும். அது தசைக்குள் இளக்கும் பொருள் ஒன்றை உண்டாக்கும். அந்தப் பொருளைச் சிதைக்கவென்றே ஒரு நொதி அங்கே இருக்கிறது. மாத்திரை அந்த நொதியைத் தடுக்கிறது. இளக்கம் கொஞ்ச நேரம் கூட நிற்கிறது, அவ்வளவுதான். பையைச் சுருக்கி மூத்திரத்தைத் தள்ளுவது வேறு நரம்பின் வேலை. அதில் இது பெரிதாகக் கைவைப்பதில்லை. அடைப்பைக் கொண்டுவரக்கூடியது ஜலதோஷ மாத்திரை. அதைத்தான் அதே பையன் சீட்டே கேட்காமல் எடுத்துக் கொடுப்பான்!

‘அந்த’ விஷயமும் இதே நொதிதான். ஆசை எழுந்து நரம்பு சொன்னால்தான் நடக்கும். சும்மா இருக்கையில் ஒன்றும் ஆகாது. பலன் தெரிய ரெண்டிலிருந்து நாலு வாரம் ஆகலாம். முக்கலும் அவசரமும் குறையும். ராத்திரி எழுவது மட்டும் அவ்வளவாகக் குறையாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒன்றே ஒன்றில் கண்டிப்பாக இருங்கள். நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைப்பார்களே சார்பிட்ரேட், அந்த நைட்ரேட் வகையும் இதுவும் சேரவே கூடாது. இரண்டும் ஒரே வழியில் ரத்தக்குழாயை இளக்குவதால் பிரஷர் மடமடவென்று இறங்கும், உயிருக்கே ஆபத்து. அவருக்கு இதய நோய் இல்லையே என்று விட்டுவிடாதீர்கள். கல்யாண வீட்டில் நெஞ்சைப் பிடித்து உட்கார்ந்தால், பக்கத்தில் இருக்கிறவர் தன் சட்டைப்பையிலிருந்து ஒன்றை எடுத்து வாயில் வைத்துவிடுவார், நல்ல மனசோடுதான். தடாலஃபில் போட்டால் குறைந்தது 48 மணி நேரத்துக்கு அது ஆகாது. ‘தடாலஃபில் சாப்பிடுகிறேன்’ என்று துண்டுச்சீட்டில் எழுதி அவர் பர்ஸில் வையுங்கள். 108-ல் வருகிறவர்களிடம் முதல் வார்த்தையாக அதைச் சொல்லுங்கள். வெட்கப்பட இது நேரமில்லை. ஏற்கெனவே நைட்ரேட் சாப்பிடுகிறவர் என்றால் இந்த மாத்திரையே வேண்டாம்.

அப்புறம், சந்தையில் லேகியம் விற்கிறவனும், ‘மூலிகை கேப்ஸ்யூல், கூரியரில் வரும்’ என்று போனில் பேசுகிற ஏஜென்ட்டும். இந்தச் சரக்கில் சில்டெனாஃபில் கலந்திருப்பது சோதனைகளில் திரும்பத் திரும்பப் பிடிபட்டிருக்கிறது. அதுவும் இதே நொதியைத் தடுப்பதுதான், எவ்வளவு போட்டான் என்பது அவனுக்கே தெரியாது. பிடிக்க வேண்டியவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. அவர் அலமாரியில் அப்படி டப்பா எதுவும் இருந்தால் நிறுத்திவிட்டு, அடுத்த தடவை டாக்டரிடம் கையோடு எடுத்துப் போய்க் காட்டுங்கள்.