உங்கள் மகளின் விளையாட்டை மறைக்க வேண்டாம்

அன்புள்ள அம்மாவுக்கு,

பிளஸ் டூ முடித்த மகள் கேம் டிசைன்தான் படிப்பேன் என்று பிடிவாதமாக நிற்பதாக எழுதியிருந்தீர்கள். அதைவிட, அவள் உருவாக்கிய சிறு விளையாட்டில் யாரும் யாரையும் மணந்துகொள்ளலாம் என்று வைத்திருப்பதுதான் உங்களை அதிகம் கலங்க வைத்திருக்கிறது. 'இதைக் காட்டினால் யார் வேலை கொடுப்பார்கள்?' என்று கேட்கிறீர்கள். இதைக் காட்டித்தான் அவள் வேலை தேட வேண்டும் என்பேன்.

இதில் ஆபாசம் எதுவும் இல்லை. 2016இல் வெளியான 'ஸ்டார்டியூ வேலி' என்ற பண்ணை விளையாட்டில், மணம் செய்துகொள்ளக்கூடிய ஊர்க்காரர்கள் பன்னிரண்டு பேர். விளையாடுபவர் ஆணோ பெண்ணோ, அவர்களில் யாரையும் மணக்கலாம். அமெரிக்கத் தரநிர்ணய அமைப்பு அதைப் பத்து வயதும் அதற்கு மேலும் ஆனோருக்கு உரியதென்றே வகைப்படுத்தியிருக்கிறது.

தொழில் கோணத்தில் 2014ஆம் ஆண்டைப் பாருங்கள். நின்டெண்டோவின் 'டோமோடாச்சி லைஃப்' விளையாட்டில் ஒரே பாலினத்தவர் காதலிக்க வழியில்லை. ரசிகர்கள் கேட்டபோது, வெளியீட்டுக்குப் பிறகான திருத்தத்தால் இவ்வளவு பெரிய மாற்றத்தைச் செய்ய இயலாது என்றது நிறுவனம், மன்னிப்பும் கேட்டது. அதே ஆண்டு வந்த 'தி சிம்ஸ் 4', ஆண் பெண் என்று பிரித்துப் பூட்டி வைத்திருந்த உடை, முடி, குரல், நடை அனைத்தையும் 2016இல்தான் எல்லோருக்கும் திறந்துவிட்டது. இதையெல்லாம் அடித்தளத்திலேயே தீர்மானிக்கத் தெரிந்தவரின் அருமை இப்போது உங்களுக்குப் புரியும்.

நீங்கள் அனுப்பியதை விளையாடிப் பார்த்தேன். கதாபாத்திரத்தை அமைக்கும் திரையில் உடலமைப்பு, குரல், உடை, எப்படி அழைக்கப்பட விரும்புகிறார் என்பதைத் தனித்தனியாகக் கேட்கிறாள். ஒன்றைத் தேர்ந்தால் இன்னொன்று தானாக மாறுவதில்லை. பதினேழு வயதில் இது மிக நல்ல வேலை.

குறையும் இருக்கிறது. அதில் வரும் திருநங்கை அழுகிறார், ஆசி வழங்குகிறார், அவ்வளவுதான். அவருக்கு ஒரு கடை, ஒரு கடன், பக்கத்து வீட்டோடு ஒரு சண்டை வேண்டும். எழுதியதை இறுதி செய்யுமுன் திருநங்கையர் சிலரிடம் வாசித்துக் காட்டி, அவர்கள் நேரத்துக்குப் பணமும் கொடுக்கட்டும். 2020இல் வந்த 'டெல் மீ வொய்' விளையாட்டின் நாயகர்களில் ஒருவர் திருநம்பி, அதாவது பிறப்பில் பெண் எனக் குறிக்கப்பட்டு ஆணாக வாழ்பவர். பிரான்சின் டோன்ட்நாட் நிறுவனம் ஊடகங்களில் பால்புதுமையினர் சித்திரிக்கப்படும் விதத்தைக் கவனிக்கும் அமெரிக்காவின் கிளாட் அமைப்பின் ஆலோசனையோடு அந்தப் பாத்திரத்தை உருவாக்கியது. குரல் கொடுத்தவரும் திருநம்பிதான்.

படிப்பு விஷயத்தில் அவசரம் வேண்டாம். கணினி அறிவியலோ வடிவமைப்போ, பிடித்த இளநிலைப் பட்டம் ஒன்றை முடிக்கட்டும். தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் பெங்களூரு வளாகத்தில் டிஜிட்டல் கேம் டிசைன் முதுநிலைப் படிப்பு இருக்கிறது. நுழைவுத் தேர்வு உண்டு. அதுவரை கிளைக்கதைகளுக்கு ட்வைன், முழு விளையாட்டுக்குக் கோடோ என இலவசக் கருவிகளே போதும். 'பாலினப் பிரதிநிதித்துவ வடிவமைப்பாளர்' என்ற பெயரில் விளம்பரம் வருமென்று காத்திருக்கக் கூடாது. நிரலாளராகவோ கதை எழுதுபவராகவோ சோதனையாளராகவோ உள்ளே நுழைந்துதான் இந்தத் திறனைக் காட்ட முடியும்.

அடுத்த முறை அவளையும் அழைத்து வாருங்கள். அந்தத் திரையை ஏன் அப்படி அமைத்தாள் என்பதை ஒரு பக்கத்தில் எழுதி வரச் சொல்லுங்கள். நேர்காணலில் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.