வளையத்துக்குள் இருப்பது மார்க்கா?

கேள்வி: என் மகள் பிரபஞ்சவியலில் பிஎச்.டி. செய்கிறாள். அவளுடைய கட்டுரைப் பக்கத்தில் பல நிற வளையம் ஒன்று, நடுவில் 14 என்று எண். கூடப் படிக்கும் பையனுக்கு 300க்கு மேல். இவள் பின்தங்கிவிட்டாளா?
– பெயர் வேண்டாம் என்ற வாசகி, கும்பகோணம்

பதில்: அது மார்க் இல்லையம்மா. லண்டனில் 2011இல் தொடங்கிய ‘அல்ட்மெட்ரிக்’ நிறுவனம் போடும் கணக்கு. கட்டுரையைப் பற்றி இணையத்தில் எங்கெல்லாம் பேச்சு அடிபட்டது என்று தேடிக் கூட்டுவார்கள். செய்தித் தளத்தில் வந்தால் எடை அதிகம், ட்வீட்டுக்குச் சொற்பம். வளையத்தில் சிவப்பு என்றால் செய்தி, மஞ்சள் என்றால் வலைப்பதிவு. அந்தப் பையனின் வளையம் சிவந்து கிடந்தால், பல்கலைக்கழகம் அனுப்பிய ஒரே செய்திக்குறிப்பைப் பல தளங்கள் அப்படியே போட்டிருக்கலாம்.

புகழ்ந்தாலும் வைதாலும் எண் ஏறும். 2014 மார்ச் 17 அன்று, தென்துருவத்திலிருந்த பைசெப்2 தொலைநோக்கிக் குழு, பிரபஞ்சத்தின் முதல் கணத்து ஈர்ப்பலைகளின் தடயம் கிடைத்ததாக அறிவித்தது. குழுவைச் சேர்ந்த சாவ்-லின் குவோ, பிறந்த கணத்தில் பிரபஞ்சம் படுவேகமாக விரிந்தது என்ற கோட்பாட்டை வளர்த்தவர்களில் ஒருவரான ஆந்த்ரே லிண்டே வீட்டுக் கதவைத் தட்டிச் செய்தி சொல்ல, லிண்டேயின் மனைவி ரெனாட்டா கலோஷ் குவோவைக் கட்டிக்கொள்ள, ஷாம்பெயின் உடைத்த காணொளியை லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள். நானும்தான், சிலிர்த்துப்போய். மறு ஆண்டு தொடக்கத்தில் பிளாங்க் செயற்கைக்கோள் தரவையும் சேர்த்து ஆராய்ந்தார்கள். பால்வெளித் தூசியின் பங்கை நீக்கியதும், ஈர்ப்பலை என்று அடித்துச் சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை. ‘எல்லாம் தூசி’ என்று எழுதிய செய்திகளும் அந்தக் கட்டுரையின் கணக்கில் கூட்டலாகத்தான் சேரும். கழித்தல் அங்கே கிடையாது.

சரி, யார் படித்தார்கள் என்று எப்படித் தெரியும்? நாசாவின் ஏடிஎஸ் தளத்தில் மகளின் கட்டுரையைத் தேடச் சொல்லுங்கள். வானியல் ஆட்கள் அன்றாடம் புழங்கும் இடம் அது. எத்தனை தடவை திறந்து பார்த்தார்கள், யார் மேற்கோள் காட்டினார்கள் என்பதெல்லாம் இருக்கும். எனக்கு 14ஐவிட அதில்தான் நம்பிக்கை.

அதிலும் ஒரு கோணல் உண்டு. ஆய்வாளர்கள் தங்கள் கட்டுரைகளைத் தாங்களே ஏற்றிவைக்கும் ஆர்க்கைவ் தளத்தின் தினப் பட்டியலில் மேலே இடம் பிடித்த வானியல் கட்டுரைகளுக்கு மேற்கோள் அதிகம் என்று டீட்ரிக் என்ற வானியலாளர் 2008இல் காட்டினார். ஆர்க்கைவைத் தொடங்கிய கின்ஸ்பார்க், ஹக் என்பவருடன் சேர்ந்து 2009இல் பார்த்தபோது, படிப்பவர் எண்ணிக்கையிலும் அதே கதை. நல்ல சரக்கு வைத்திருப்பவர்களே முந்திக்கொள்கிறார்கள், மேலே இருப்பதாலேயே கண்ணிலும் படுகிறது, இரண்டும் உண்டு. கட்டுரை அனுப்ப அன்றைய கெடு முடிந்த நொடியில் அனுப்பினால் அடுத்த பட்டியலில் முன்னால் நிற்கலாம். அந்தக் கெடு அமெரிக்கக் கிழக்குக் கரையில் மதியம் 2 மணி; அங்கே கோடைக்காலமென்றால் நமக்கு இரவு 11.30. அந்நேரத்துக்கு மகள் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தால் திட்டாதீர்கள்.