பின்பாயின்டரை ஆழக் கணக்கைப் பார்த்து வாங்கலாமா?

கேள்வி: இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் வசிக்கிறேன். ஒரு விவசாயியின் அனுமதியோடு, அவர் உழுது போட்ட நிலத்தில் மெட்டல் டிடெக்டர் கொண்டு பழம்பொருள் தேடுகிறேன். ஒலி கேட்ட இடத்தைத் தோண்டிய பிறகு, நாணயம் குழிக்குள் இருக்கிறதா, வெளியே அள்ளிப் போட்ட மண்ணில் இருக்கிறதா என்று தெரியாமல் நெடுநேரம் துழாவுகிறேன். மற்றவற்றைவிட அதிக ஆழம் உணரும் என்று விளம்பரம் செய்யப்படும் மலிவான பின்பாயின்டர் (குழிக்குள் நுனியை நீட்டி உலோகம் இருக்கும் இடத்தைத் தேடும் சிறிய கைக்கருவி) ஒன்றை வாங்கலாமா?

பதில்: அந்த விளம்பரத்தை நம்பி வாங்க வேண்டாம். ஆழத்தில் உள்ளதைக் கண்டுபிடிப்பது உங்கள் டிடெக்டரின் வேலை. குழி தோண்டிய பிறகு, பொருள் எந்தப் பக்கச் சுவரில், எந்த மண்கட்டியில் ஒட்டியிருக்கிறது என்று காட்டுவதே பின்பாயின்டரின் வேலை. நாணய அளவுள்ள பொருளைச் சில சென்டிமீட்டர் தூரத்தில் உணர்ந்தாலே அதற்குப் போதும். உணரும் எல்லை விரிய விரிய, பக்கத்தில் கிடக்கும் ஆணிக்கும் அது ஒலிக்கும். நீங்கள் பழையபடி துழாவ வேண்டியதுதான்.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது நுனியின் துல்லியம். இங்கிலாந்து வயல்களில் கிடைக்கும் இடைக்கால வெள்ளிப் பென்னி நாணயம் ஒன்றரை கிராம் அளவே எடையுள்ள மெல்லிய தகடு. அரைப்பென்னியாகப் பயன்படுத்த அதை இரண்டாக வெட்டிய துண்டுகளும் கிடைப்பதுண்டு. மண்வெட்டி முனை சற்றே பட்டாலும் எழுநூறு ஆண்டு தாங்கிய பொருள் வளைந்துவிடும் என்பதால், இந்தச் சிறு கருவியை அந்தப் பொருளுக்கான பாதுகாப்பாகவே நான் கருதுகிறேன். பொருளை நெருங்க நெருங்க ஒலியோ அதிர்வோ வேகமெடுக்க வேண்டும். ஒலித்துக்கொண்டிருக்கும்போதே பொத்தானைத் தட்டினால் உணரும் எல்லை சுருங்கி, பொருள் இருக்கும் இடம் இன்னும் குறுகித் தெரிய வேண்டும். உணர்திறனைக் குறைக்கும் வசதியும் தேவை. அது இல்லாத கருவி தாதுக்கள் மிகுந்த மண்ணிலும் உப்பு ஈரமுள்ள கடற்கரையிலும் காரணமின்றி ஒலித்துக்கொண்டிருக்கும்.

உங்கள் தேவைக்கு காரெட் நிறுவனத்தின் புரோ-பாயின்டர் ஏடி பொருத்தமானது என்பது என் கருத்து. அதில் உணர்திறன் மூன்று நிலைகளில் உள்ளது. 6 மீட்டர் ஆழம் வரை நீர் புகாது. 9 வோல்ட் பேட்டரியில் இயங்குவதால், வயலில் மின்சாரம் தீர்ந்தால் அங்கேயே மாற்றிக்கொள்ளலாம். ஆரஞ்சு நிறமாக இருப்பதும், மறந்து வைத்துவிட்டால் சில நிமிடங்களில் தானே குரல் கொடுப்பதும் உழுத மண்ணில் பெரிய உதவி. எக்ஸ்பி நிறுவனத்தின் எம்ஐ-6 தரமான கருவிதான். ஆனால் அதன் தனிச்சிறப்பு அதே நிறுவனத்தின் டியூஸ் டிடெக்டரோடு கம்பியில்லாமல் இணைவது. உங்களிடம் டியூஸ் இல்லையென்றால் அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை. மைன்லேபின் புரோ-ஃபைண்ட் 35 இரும்புக்குத் தனி ஒலி தரும். ஆணிகள் நிறைந்த பழைய குடியிருப்பு நிலத்தில் அது பயன்படும். எனினும் இரும்பொலி கேட்டவுடன் குழியை மூடிவிடாதீர்கள், ஆணிக்கு அருகே வெள்ளியும் கிடக்கலாம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கையில் பின்பாயின்டர் இருந்தால், ஒன்று கிடைத்த குழியில் அடுத்தது, அதற்கடுத்தது என்று தோண்டிக்கொண்டே போகத் தோன்றும். உங்கள் சஃபோக்கிலேயே, 1992 நவம்பரில் ஹாக்ஸ்ன் கிராமத்தில், தொலைந்த சுத்தியலைத் தேடப்போன எரிக் லாஸ் ரோமானியப் புதையலைக் கண்டார். முழுவதையும் தாமே அள்ளாமல் நிறுத்தித் தகவல் தந்ததால்தான், சுமார் 15,000 நாணயங்களும் பொன், வெள்ளிப் பொருட்களும் எப்படி அடுக்கிப் புதைக்கப்பட்டிருந்தன என்பதைத் தொல்லியலாளர்கள் பதிவு செய்ய முடிந்தது. ஒரே இடத்தில் இரண்டாவது பழைய நாணயம் வந்தவுடன் நீங்களும் நிறுத்துங்கள். 1996-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, 300 ஆண்டுகளுக்கு மேற்பட்ட பொன், வெள்ளி நாணயங்கள் இரண்டு அல்லது அதற்கு மேல் சேர்ந்து கிடைத்தால் 14 நாட்களுக்குள் கொரோனருக்கு (புதையல்களையும் விசாரிக்கும் அதிகாரி) தெரிவிக்க வேண்டும். பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களில் அனுமதியின்றி டிடெக்டர் பயன்படுத்துவதைத் தடுக்கும் 1979-ஆம் ஆண்டுச் சட்டம், நிலத்திலுள்ள உலோகத்தைக் கண்டறிய உருவாக்கிய எந்தக் கருவிக்கும் பொருந்தும். பின்பாயின்டரை மட்டும் அங்கே பயன்படுத்தினாலும் குற்றமே.

புகழ்பெற்ற மாடல்களின் போலிகள் இணையச் சந்தைகளில் விற்கப்படுவதால், அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடமே வாங்குங்கள். மெல்லிய வெள்ளி நாணயம் ஒன்றைக் கையோடு கொண்டுபோய், அதன் தட்டையான பக்கத்தையும் விளிம்பையும் நுனிக்கு அருகே காட்டிப் பாருங்கள். விளிம்பைக் காட்டும்போதும் தெளிவாக ஒலிக்கும் கருவியைத் தேர்ந்தெடுங்கள்.