படுவான்கரையில் ஒதுக்கமான வீடு: கேள்வி பதில்

கேள்வி: மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைக்கு அப்பால் வாவியோரமாக எங்களுக்கு ஒரு ஏக்கர் காணி உண்டு. தண்ணீரைப் பார்த்தவாறு கரையிலேயே வீடு கட்டலாமா, ஐயா?

பதில்: காட்சியைப் பார்ப்பதற்கு முன் வெள்ளத்தைப் பாருங்கள். எங்கள் மழையின் பெரும்பகுதி நவம்பருக்கும் ஜனவரிக்கும் இடையில் கொட்டிவிடுவதால், கோடையில் வாங்கிய காணியின் குணம் மாரியில்தான் தெரியவரும். மரத்தின் அடியில் படிந்த சேற்றுக் கோடும், வேலிக் கம்பியில் சிக்கிக் காய்ந்த சருகும் தண்ணீர் ஏறிய மட்டத்தைக் காட்டிக்கொடுக்கும்; அயல் வயற்காரரையும் விசாரியுங்கள். அந்த மட்டத்துக்கு மேலுள்ள மேட்டில் வீட்டை வைத்து, வாவியை விறாந்தையிலிருந்து பார்த்துக்கொள்ளலாம். பள்ளத்தைக் கிரவல் மண் கொட்டி உயர்த்துவதை நான் ஒருபோதும் ஆதரிப்பதில்லை. மறிக்கப்பட்ட தண்ணீர் அடுத்தவர் வளவுக்குள் போகும், பகையும் கூடவே வரும். கரையிலுள்ள கண்டல் மரங்களில் கை வைக்காதீர்கள். மண் அரிக்கப்படாமல் பிடித்து வைத்திருப்பவை அவைதான்.

கேள்வி: மேற்கிலிருந்து வெக்கையாக வீசும் கச்சான் காற்றுக் காலத்தில் வீடு கொதிக்காமலிருக்க என்ன செய்யலாம்?

பதில்: நீளமான சுவர்கள் வடக்கையும் தெற்கையும் பார்க்கட்டும், மேற்கில் குறுகிய சுவரும் சிறு யன்னலும் போதும். நாங்கள் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 7½ பாகையில் இருப்பதால், சூரியன் யூனில் வடக்கே சாய்ந்தும் டிசம்பரில் தெற்கே சாய்ந்தும் செல்கிறது. ஆகவே இரு பக்கமும் 3 அடிக்குக் குறையாத தாழ்வாரம் வேண்டும். மேற்கில் ஏற்கெனவே வேம்போ நாவலோ நின்றால், அதை வெட்டாமல் அதற்கேற்ப வரைபடத்தை மாற்றுங்கள்.

கேள்வி: கூரைக்கு ஓடா, தகரமா?

பதில்: வெயிலுக்கு ஓடுதான். ஆனால் 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியை அனுபவித்தவர்கள் ஓடா தகரமா என்பதைவிட, கூரை எதில் கட்டப்பட்டிருக்கிறது என்றே கேட்பார்கள். நாற்புறமும் சாய்ந்த கூரை காற்றைத் தாங்கும். கூரையைத் தாங்கும் வளை மரங்களை, சுவரின் மேல் சுற்றிவர ஓடும் கொங்கிறீற் வளையத்திலிருந்து வெளியே விட்ட கம்பியால் இறுக்க வேண்டும். தென்னையை வீட்டில் விழாத தூரத்தில் நடுங்கள்.

கேள்வி: மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் எவ்வளவு தூரம் வேண்டும்?

பதில்: குறைந்தது 50 அடி வேண்டும்; குழி கிணற்றைவிடத் தாழ்ந்த பக்கத்தில் இருக்க வேண்டும். மணல் தரையானால் இன்னும் தள்ளி வையுங்கள்.

கேள்வி: வெல்லாவெளிப் பக்கம் எங்கள் காணிக்கு யானை வருகிறது. மதில் கட்டினால் தீருமா?

பதில்: தீராது, மதிலையும் தள்ளிவிடும். நெல் மூட்டை அடுக்கிய அறையின் சுவரைத்தான் அது மணம் பிடித்து இடிக்கிறது. அதனால் படுக்கையறைக்கு அடுத்த அறையில் நெல்லை வைக்கவே கூடாது. வாழையையும் வீட்டை ஒட்டி நடாதீர்கள்; சுற்றிவரப் பற்றையை வெட்டித் திறந்த முற்றம் விட்டால், யானை நிற்பதை வாசலைத் திறப்பதற்கு முன்பே காணலாம்.