தொந்தரவே இல்லாத பிள்ளை

காது கேளாத பிள்ளைகளை ஊர்ப் பள்ளியில், கேட்கும் பிள்ளைகளோடு சேர்த்துப் படிக்கவைப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில். கடிதங்கள் எல்லாமே கேரள எல்லையோர ஊர்களிலிருந்து வந்தவை.

கேள்வி: மகனுக்கு 8 வயது. இரண்டு காதிலும் மெஷின். மூன்றாம் வகுப்பு. "தங்கமான பையன், தொந்தரவே இல்லை" என்கிறார் டீச்சர். வீட்டுக்கு வந்ததும் பையை எறிந்துவிட்டுக் குப்புறப் படுத்துக்கொள்கிறான். ஞாயிறு ராத்திரி ஆனால் வயிற்றுவலி. கண்பட்டிருக்கும் என்கிறார் மாமியார். – வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: வயிற்றுவலிக்கு முதலில் குழந்தை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். அங்கே ஒன்றும் இல்லையென்றால், அந்த "தொந்தரவே இல்லை" என்ற வார்த்தையைத்தான் சந்தேகப்பட வேண்டும். எட்டு வயதுப் பையன் ஒரு நாளில் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை என்றால், எல்லாம் புரிந்திருக்க வேண்டும், இல்லையென்றால் கேட்பதையே விட்டிருக்க வேண்டும். மெஷின் போட்ட பிள்ளைகளிடம் இரண்டாவதுதான் அதிகம். ஒருமுறை "என்ன?" என்று கேட்டு வகுப்பே சிரித்திருந்தால் போதும், அடுத்த நாளிலிருந்து தலையாட்டப் பழகிவிடுவார்கள்.

அவன் களைப்புக்குக் காரணம் இருக்கிறது. மெஷினின் மைக் ஒன்று, ஒன்றரை மீட்டருக்குள் பேசினால்தான் தெளிவாக வாங்கும். தூரம் இரட்டிப்பானால் குரல் சுமார் 6 டெசிபல் இறங்கும். ஒரு மீட்டரில் 65 டெசிபலாக இருக்கும் டீச்சரின் குரல், நான்கு மீட்டர் தள்ளிய பெஞ்சுக்கு 53 ஆகத்தான் வந்து சேரும். மின்விசிறி, பக்கத்து வகுப்புக் கூச்சல், தகரக் கூரையில் மழை இவை அதைச் சுலபமாக முழுங்கிவிடும். இப்படிப்பட்ட பிள்ளைக்கு ஆசிரியர் குரல் சுற்றுச் சத்தத்தைவிட 15 டெசிபலாவது மேலே இருக்க வேண்டும் என்பது கணக்கு. உங்கள் பக்கம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வேறு. ஜன்னலோரம் உட்காரவைத்தால் மைக்கில் காற்று இரைவதைத்தான் நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருப்பான்.

மீதியை உதட்டைப் பார்த்து ஊகிக்கிறான். கண்ணாடி முன்னால் நின்று சத்தமில்லாமல் "மாடு", "பாடு" என்று சொல்லிப் பாருங்கள், வித்தியாசமே தெரியாது. "பணம்", "மணம்" இரண்டும் அப்படித்தான். க, ங தொண்டையிலேயே நின்றுவிடும், உதட்டுக்கு வராது. நாள் முழுக்க விடுகதை போட்டு விடை கண்டுபிடித்துக்கொண்டிருப்பவன் நாலு மணிக்குக் குப்புறப் படுக்காமல் என்ன செய்வான்? வந்ததும் கேள்வி கேட்காதீர்கள். மெஷினைக் கழற்றிவைத்துவிட்டு அரை மணி நேரம் சும்மா இருக்கட்டும்.

டீச்சரிடம் கேட்க வேண்டியவை சில. முதல் பெஞ்சின் நடுவில் வேண்டாம், இரண்டாவது வரிசையில் ஓரமாக உட்காரவைக்கச் சொல்லுங்கள். திரும்பினால் பதில் சொல்லும் பிள்ளைகளின் முகமும் தெரிய வேண்டும். வெளிச்சம் டீச்சரின் முகத்தில் விழ வேண்டும், முதுகுக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் முகம் நிழலாகிவிடும். போர்டைப் பார்த்துக்கொண்டு பேசக் கூடாது. மற்ற பிள்ளை சொன்ன பதிலை ஒருமுறை திருப்பிச் சொல்ல வேண்டும். "புரிந்ததா?" என்று கேட்டால் தலைதான் ஆடும். "நான் என்ன செய்யச் சொன்னேன், சொல்லு" என்று கேட்டால் உண்மை வரும்.

தினமும் காலையில் நீங்கள் செய்ய வேண்டியது ஒரு நிமிட வேலை. அவனுக்குப் பின்னால் நின்று ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ் என்ற ஆறு ஒலிகளைச் சொல்லுங்கள், வரிசையை மாற்றி, இடையில் நிறுத்தி. அவன் திருப்பிச் சொல்ல வேண்டும். நேற்றுவரை வந்த "ஸ்" இன்று வரவில்லையென்றால் பேட்டரி, மோல்டில் (காதுக்குள் பொருந்தும் அச்சு) அடைப்பு, காதில் அழுக்கு என்று வரிசையாகப் பாருங்கள். மூன்றும் சரியாக இருந்தும் வரவில்லையென்றால் ஆடியோகிராம் (கேட்கும் திறன் பரிசோதனை) எடுக்க வேண்டும்.

கேள்வி: வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம், புத்தகத்தில் இங்கிலீஷ். "ஒரே மொழி பேசுங்கள், சைகையே காட்டாதீர்கள்" என்கிறார்கள். தமிழை விட்டுவிட வேண்டுமா? – தந்தை, வாளையார்

பதில்: விடாதீர்கள். உங்களுக்குச் சரளமாக வரும் மொழியில்தான் கதையும் திட்டும் கொஞ்சலும் வரும். ஓட்டை மலையாளத்தில் "வா, சாப்பிடு, தூங்கு" என்ற அளவிலேயே பேச்சு நின்றுவிட்டால் பிள்ளைக்கு எந்த மொழியும் முழுதாகக் கிடைக்காது. ஒரு மொழி கெட்டியாக இருந்தால் அதன் மேல் இரண்டாவதை ஏற்றலாம். முதல் ஐந்து வயதுக்குள் எந்த மொழியும் முழுதாகக் கிடைக்காத பிள்ளைக்குப் பின்னால் படிப்பு மட்டுமல்ல, தன் கோபத்துக்கும் பயத்துக்கும் பெயர் சொல்வதுகூடக் கஷ்டமாகிவிடும். மலையாளத்தில் ப வரிசை ஐந்து எழுத்தும் உதட்டில் கிட்டத்தட்ட ஒன்றுபோலத்தான் தெரியும். அந்தச் சுமையையும் டீச்சரிடம் சொல்லிவையுங்கள். சித்தூர் தாலுகாவில் தமிழ் வழி அரசுப் பள்ளிகள் இருக்கின்றன, அதையும் யோசிக்கலாம்.

சைகை காட்டினால் பேச்சு வராது என்பது பழைய பயம். 1880-ல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய கல்வியாளர் மாநாடு, காது கேளாதோர் பள்ளிகளில் சைகை கூடாது, வாய்ப்பேச்சு மட்டுமே என்று தீர்மானம் போட்டது. அதே மாநாட்டு வரிசை 2010-ல் வான்கூவரில் கூடியபோது அந்தத் தீர்மானத்தை நிராகரித்து வருத்தமும் தெரிவித்தது. இடையில் 130 வருடம்! அந்தப் பயம் மட்டும் இன்னும் நம் ஊர் கிளினிக்குகளில் உட்கார்ந்திருக்கிறது. இந்திய சைகை மொழிக்கு வாளையார் செக்போஸ்ட் கிடையாது. ஊருக்கு ஊர் சில சைகைகள் மாறினாலும் கோயம்புத்தூர்ப் பிள்ளையும் பாலக்காட்டுப் பிள்ளையும் பேசிக்கொள்வார்கள். டெல்லியில் 2015-ல் தொடங்கிய இந்திய சைகை மொழி ஆய்வு மற்றும் பயிற்சி மையத்தின் அகராதி, 10,000 சொற்களோடு இணையத்தில் வீடியோவாக இலவசமாகக் கிடைக்கிறது.

கேள்வி: பக்கத்துப் பள்ளி அரை கிலோமீட்டர். காது கேளாதோர் பள்ளி என்றால் ஹாஸ்டலில் விட வேண்டும். எது நல்லது? – தாய், களியக்காவிளை

பதில்: தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுக்குச் சட்டப்படி உண்டு. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 31: 40 சதவீதத்துக்குக் குறையாத பாதிப்புள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயதுவரை அருகிலுள்ள பள்ளியிலோ விரும்பிய சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி. "உங்கள் பிள்ளைக்கு இங்கே சரிப்படாது" என்று அருகிலுள்ள பள்ளி கையை விரிக்க முடியாது.

எங்கள் கணிப்பு இது: ஒரு பள்ளியில் காது கேளாத பிள்ளை ஒன்றே ஒன்று என்றால், மார்க் எவ்வளவு வந்தாலும் அந்தப் பிள்ளை தனி. இரண்டு மூன்று பேர் இருந்தாலே கதை மாறிவிடும். அதனால் சேர்க்கும் முன் இரண்டு பள்ளிகளுக்கும் இடைவேளை நேரத்தில் போய் நில்லுங்கள். அசெம்பிளியில் எல்லாப் பிள்ளையும் ஒழுங்காகத்தான் நிற்கும். மெஷின் போட்ட பிள்ளை யாரோடு சாப்பிடுகிறது, யார் அதைக் கூப்பிடுகிறார்கள் என்று பாருங்கள். சிறப்புப் பள்ளியையும் கண்ணை மூடி நம்ப வேண்டாம். ஆசிரியருக்கே சைகை அரைகுறையாக இருந்தால் அங்கேயும் போர்டைப் பார்த்து எழுதுவதுதான் பாடம். பக்கத்துப் பள்ளிதான் என்று முடிவானால், வாரம் ஒருநாளாவது மற்ற காது கேளாத பிள்ளைகளோடும் பெரியவர்களோடும் பழக வழி செய்யுங்கள். வேலை பார்த்து, கல்யாணம் ஆகி, வண்டி ஓட்டும் காது கேளாத பெரியவரைப் பார்க்காத பிள்ளைகள், வளர்ந்தால் தமக்கும் காது கேட்டுவிடும் என்று நினைத்துக்கொண்டிருப்பது உண்டு.

கேள்வி: என் வகுப்பில் ஒரு மாணவிக்கு மெஷின் கீச்சிடுகிறது, பிள்ளைகள் சிரிக்கிறார்கள். உதவிக்குக் கெட்டிக்காரப் பெண்ணைப் பக்கத்தில் உட்காரவைத்தேன். இப்போது இரண்டு பேருக்கும் ஆகவில்லை. – ஆசிரியை, செங்கோட்டை

பதில்: கீச்சுச் சத்தம் பெரும்பாலும் மோல்டு சின்னதாகிவிட்டதால்தான். காது வளர்கிறது, மோல்டு வளராது. இடைவெளி வழியே சத்தம் கசிந்து மறுபடி மைக்கில் ஏறுகிறது. சத்தத்தைக் குறைத்துவைத்தால் கீச்சு நிற்கும், பாடமும் நின்றுவிடும். புது மோல்டு எடுக்கப் பெற்றோரிடம் சொல்லுங்கள். சாரல் காலத்தில் ராத்திரி மெஷினை சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வைக்க வேண்டும். புது பேட்டரியின் ஸ்டிக்கரை உரித்ததும் ஒரு நிமிடம் காற்றுப்பட விட்டுப் போட வேண்டும். உபரி பேட்டரி உங்கள் மேசை டிராயரில், பிள்ளைகள் கைக்கு எட்டாமல் இருக்கட்டும். சின்னப் பிள்ளை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

உதவிப் பெண் விஷயம் எதிர்பார்த்ததுதான். ஒருத்தியையே நிரந்தரமாக வைத்தால் அவள் குட்டி டீச்சர் ஆகிவிடுவாள், தோழி ஆக மாட்டாள். குறிப்பு எடுத்துக் கொடுப்பதை வாரம் ஒருவருக்கு மாற்றுங்கள். குழு வேலைக்கு மூன்று பேர் போதும். ஆறு பேர் பேசினால், அவள் ஒருவர் முகத்தைத் தேடித் திரும்புவதற்குள் பேச்சு அடுத்தவரிடம் போயிருக்கும். அவளிடமும் ஒரு வேலை இருக்கட்டும், மற்றவர்கள் அவளிடம் வந்து கேட்கும்படி.

கேள்வி: பத்தாம் வகுப்பில் மொழித்தாள் விலக்கு வாங்கலாமா? – தந்தை, கம்பம்

பதில்: வாங்கலாம். தமிழ்நாட்டில் ஒரு மொழித்தாளிலிருந்து விலக்கும் கூடுதல் நேரமும் உண்டு. ஒன்பதாம் வகுப்பு முடியும் முன்பே சான்றிதழோடு தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுங்கள். விலக்கு கிடைத்ததும் அந்தப் பீரியடில் பையனை மரத்தடியில் உட்காரவைக்கும் பழக்கம் இருக்கிறது. அதற்குச் சம்மதிக்காதீர்கள்.

கேள்வி: பேத்திக்கு 12 வயது. விசேஷ வீட்டில் மூலையில் போனோடு உட்கார்ந்துவிடுகிறாள். பள்ளியில் பழகியதா? – தாத்தா, குமுளி

பதில்: வீட்டிலும் பழகியிருக்கலாம். எல்லோரும் சிரிக்கும்போது "என்ன?" என்று கேட்கும் பிள்ளைக்கு நாம் சொல்லும் பதில் "ஒன்றுமில்லை, அப்புறம் சொல்றேன்". அந்த அப்புறம் வருவதில்லை. பேச்சு மாறும்போது ஒரு வரி சொல்லுங்கள்: "மாமா பஸ்ஸைத் தவறவிட்ட கதை." சாப்பிடும்போது வட்டமாக உட்காருங்கள், ஒவ்வொருவராகப் பேசுங்கள். சைகையில் முதலில் கற்க வேண்டியது பெயர்கள். சைகை தெரிந்த பிள்ளைகள் ஆளுக்கொரு சைகைப் பெயர் வைத்திருப்பார்கள், மீசை, கண்ணாடி, நடை என்று ஏதாவது ஒன்றைப் பிடித்து. தாத்தாவுக்கு என்ன வைத்திருக்கிறாள் என்று இன்று ராத்திரி அவளையே கேளுங்கள்.