ஞானப்பல் எடுத்த பிறகு: உங்கள் கேள்விகள், பல் டாக்டரின் பதில்கள்

கேள்வி: நேத்து கீழ் ஞானப்பல் எடுத்தாங்க. ட்ரை சாக்கெட் வரும்னு பயமுறுத்துறாங்க. அது என்ன டாக்டர்?

பதில்: பல் போன குழியில் ரத்தம் உறைந்து கட்டியாக நிற்கும். எலும்புக்கும் நரம்பு முனைகளுக்கும் அதுதான் மூடி. அது காலத்துக்கு முன்பே கரைந்தாலோ பெயர்ந்தாலோ எலும்பு வெளியே தெரியும். குறைந்துவந்த வலி மூன்றாம் நாள் வாக்கில் திடீரென்று ஏறும். காது வரை இழுக்கும், வாய் நாறும். கீழ் ஞானப்பல்லில்தான் அதிகம். முதல் 24 மணி நேரம் கொப்பளிக்காதீர்கள், துப்பாதீர்கள், ஸ்ட்ரா வேண்டாம். பீடி, சிகரெட் கூடவே கூடாது.

கேள்வி: எச்சிலைத் துப்பாம எப்படி சார்?

பதில்: விழுங்குங்கள். முடியாவிட்டால் வாயைத் திறந்து வழிய விடுங்கள்.

கேள்வி: கருத்தடை மாத்திரை சாப்பிடுறேன். சொல்லணுமா?

பதில்: கட்டாயம். அதிலுள்ள ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன், குழியிலுள்ள ரத்தக் கட்டி கரைவதைத் தூண்டலாம். முன்கூட்டியே தெரிந்தால் பல் எடுக்கும் நாளை அதற்கேற்ப வைக்க முடியும். நீங்களாக மாத்திரையை நிறுத்த வேண்டாம்.

கேள்வி: ரத்தம் உறையாம இருக்க மாத்திரை போடுறேன். நிறுத்திடவா?

பதில்: எழுதிக் கொடுத்த டாக்டரைக் கேளுங்கள். இங்கே சொல்லும் விஷயமில்லை.

கேள்வி: குழியில ஒரு கிராம்பை வெச்சு அடைச்சா முடிஞ்சுது. எங்க அப்பத்தா காலத்துல ட்ரை சாக்கெட்டா இருந்துச்சு?

பதில்: இருந்தது, பெயர்தான் இல்லை. கிராம்பைத் திணித்தால் நீங்களே கட்டியைக் கிளறிவிடுகிறீர்கள்.

கேள்வி (அவரேதான்): அப்ப நீங்க வைக்கிற மருந்துல மட்டும் ஏன் கிராம்பு வாசம் அடிக்குது?

பதில்: நல்ல கேள்வி. கிராம்பு எண்ணெயில் உள்ள யூஜெனால் நரம்பை மரத்துப்போகச் செய்யும். அதை அளவாகச் சேர்த்த மருந்தைத்தான் வைக்கிறோம். அதுவும் ட்ரை சாக்கெட் வந்த பிறகு, குழியைச் சலைன் விட்டுக் கழுவிவிட்டு, வலி அடங்க. நல்ல கட்டி உட்கார்ந்திருக்கும் குழிக்கு அது தேவையே இல்லை. வெறும் எண்ணெயை ஊற்றினால் சதை வெந்துபோகும்.

கேள்வி (இன்னொருவர்): எங்க அம்மாவுக்கு கிராம்பு தைலம் கேட்டுச்சே டாக்டர்!

பதில்: சொத்தைப் பல் வலிக்குக் கேட்டிருக்கும். பல்லே இல்லாத குழியும் அதுவும் ஒன்றா? கிராம்பைக் குழம்பில் போடுங்கள்.

கேள்வி: உப்புத் தண்ணி எப்ப?

பதில்: மறுநாளிலிருந்து. வெதுவெதுப்பாக, வாயில் வைத்துத் தலையைச் சாய்த்தால் போதும். டாக்டர் குளோர்ஹெக்சிடின் (கிருமியைக் கொல்லும் வாய் கழுவும் மருந்து) எழுதியிருந்தால் அதையும் இப்படியே. ட்ரை சாக்கெட் வாய்ப்பை அது குறைக்கும்.

கேள்வி: மெதுவா துப்பலாமா?

பதில்: எச்சில் பற்றி மேலே சொன்ன பதிலைப் படியுங்கள்.

கேள்வி: ஒரே ஒரு சிகரெட், பஞ்சைக் கடிச்சுக்கிட்டே?

பதில்: ஒன்றும் கூடாது. நீங்கள் உறிஞ்சுவதும் கெடுதல், நிக்கோடின் ரத்த ஓட்டத்தைச் சுருக்குவதும் கெடுதல். குறைந்தது மூன்று நாள், முடிந்தால் ஒரு வாரம். வாயில் புகையிலை அடக்குபவர்களுக்கும் இதே பதில்.

கேள்வி: குழிக்குள்ள வெள்ளையா இருக்கு, வலி இல்ல. குச்சியால எடுத்துடவா?

பதில்: அது ஆறுகிற சதை. தொடாதீர்கள். காய்ச்சல், வீக்கம், விழுங்கச் சிரமம் இருந்தால் மட்டும் இன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.